நாலு சொட்டு எண்ணெய்!



இந்தப் பக்கத்தில் சகோதரிகள் பலர் சமையல் குறிப்பும், சிக்கன யோசனையும், மாமியார் - மருமகள் அனுபவமும் எழுதுகிறார்கள். நான் எழுதப் போவது சைக்கிளைப் பற்றி. "சைக்கிளுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அது பிள்ளைங்க பாடு, கடைக்காரன் பாடு" என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். நானும் அப்படி நினைத்தவள்தான். வீட்டுக்குள் நிற்கிற ஒரு பொருளைப் பற்றி ஒன்றுமே தெரிந்துகொள்ளாமல், எல்லாம் தெரிந்த மாதிரி அதில் கை வைத்தேன். அதன் பலனை என் மகன் அனுபவித்தான். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நாலு பேருக்குப் பயன்பட்டால் சரி.

ஹாலுக்குள் வந்த விருந்தாளி

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் கல்லூரியில் இரண்டாம் வருஷம். சின்னவள் ஒன்பதாம் வகுப்பு. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு.

பெரியவனுக்கு மலை ஏறுகிற சைக்கிள் மேல் ஆசை. 'மவுண்டன் பைக்' என்கிறான். எங்கள் தெருவில் எல்லோரும் 'கியர் சைக்கிள்' என்றுதான் சொல்வார்கள். பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தோடு, என் சீட்டுப் பணத்தையும் போட்டு, முப்பதாயிரத்துக்குப் பக்கத்தில் ஒன்று வாங்கினோம். வாங்கிய மாதமே எதிர் பிளாக்கில் ஒரு சைக்கிள் திருட்டுப் போனது. "அம்மா, கீழே விட மாட்டேன்" என்று இவன் தோளில் தூக்கிக்கொண்டு மாடிக்கே வந்து விட்டான்.

"மனுசனுக்கே படுக்க இடத்தைக் காணோம். இதுல சைக்கிளுக்கு ஒரு ரூமா?" என்று அத்தை முனகினார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஷோகேசுக்கும் டைனிங் டேபிளுக்கும் நடுவில் அது நின்றால் நாங்கள் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். செயின் பட்டு என் சேலைகள் நாலைந்து கறையாகி விட்டன. ஆனாலும் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கியது. பொறுத்துக்கொண்டோம்.

நான் செய்த உபகாரம்

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் வீடு முழுக்கக் கழுவித் துடைப்பது வழக்கம். போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பால்கனியைக் கழுவியபோது அங்கே நின்ற சைக்கிள் மேலும் தண்ணீர் பட்டு விட்டது. உள்ளே தள்ளிக்கொண்டு வரும்போது பிரேக்கைப் பிடித்தேன். 'கிரீச்...' என்று காது கூசுகிற சத்தம்!

பாவம், பிள்ளைக்கு இதைக் கவனிக்க நேரமில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். இருபது வருஷமாகத் தையல் மெஷின் வைத்திருப்பவள் நான். சத்தம் வந்தால் எண்ணெய் போட வேண்டும், அவ்வளவுதானே? மெஷின் எண்ணெய்ப் புட்டியை எடுத்து, சக்கரத்தின் நடுவில் இருக்கிற அந்த வட்டத் தகட்டில் முன்னால் இரண்டு சொட்டு, பின்னால் இரண்டு சொட்டு விட்டேன். சக்கரத்தைச் சுற்றி விட்டு, மெஷினுக்குச் செய்வது போல எண்ணெய் எல்லா இடமும் பரவுகிற மாதிரி பிரேக்கை நாலு தடவை அழுத்தியும் விட்டேன். சத்தம் சுத்தமாக நின்று விட்டது. எனக்கு ஒரே பெருமை. மகனிடம் சொல்லக்கூட இல்லை. 'அவனே பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்' என்று விட்டு விட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை, "பால் வாங்கிட்டு வந்துடறேம்மா" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். எங்கள் தெரு முதலில் சமமாக இருக்கும். கடைசியில் மெயின் ரோட்டில் சேருகிற இடம் நல்ல இறக்கம். அந்த இறக்கத்தில் இவன் பிரேக்கைப் பிடித்திருக்கிறான். பிடிக்கவில்லை. இன்னும் அழுத்தியிருக்கிறான். வண்டி வழுக்கிக்கொண்டே போயிருக்கிறது. எதிரே மெயின் ரோட்டில் பஸ் வருகிறது. நல்ல வேளை, ஓரத்தில் வீடு கட்டுகிறவர்கள் கொட்டியிருந்த மணல் குவியல் கண்ணில் பட்டிருக்கிறது. ஹேண்டில்பாரை அதன் பக்கம் ஒடித்து விழுந்து விட்டான்.

இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். முழங்காலில் ஆறு தையல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

தோழிகளே, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவன் நண்பர்களோடு ஆனைகட்டி மலைப்பாதைக்குப் போவதாக இருந்தது. எங்கள் தெரு இறக்கத்தில் மணல் இருந்தது. மலை இறக்கத்தில் என்ன இருக்கும்? இதை எழுதும்போதுகூட எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

கடையில் நடந்தது

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என் வீட்டுக்காரருக்குக் கோபம் தலைக்கேறி விட்டது. போன வாரம்தான் சைக்கிளைக் கடையில் சர்வீசுக்கு விட்டு எடுத்திருந்தோம். "பிரேக்கைக் கழட்டி என்னமோ பண்ணியிருக்கான்" என்று சைக்கிளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடவே போனேன். எனக்கு அப்போதும் என் எண்ணெய் ஞாபகத்துக்கு வரவில்லை. நல்லதுதானே செய்தோம் என்கிற நினைப்பு!

அந்தக் கடையில் வேலை செய்கிற பையனுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசு இருக்கும். இவர் போட்ட சத்தத்துக்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. உட்கார்ந்து முன் சக்கரத்துத் தகட்டை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்தான். துணியை மூக்கருகே கொண்டு போனான்.

"சார், இதுல எண்ணெய் இருக்குதுங்க. மெஷின் ஆயில் வாசம் அடிக்குது."

"அப்ப நீதான ஊத்தியிருப்ப? சர்வீஸ் பண்ணுனது நீதான?"

"இல்லீங்க சார், நாங்க டிஸ்க்குல ஆயிலே விட மாட்டோம்..."

அதற்குள் கடை முதலாளி வந்து விட்டார். "ஏன்டா, செயினுக்கு ஆயில் விடறப்ப டிஸ்க்குல தெளிச்சுட்டியா? கஸ்டமர் பையன் கையை ஒடிச்சுட்டு நிக்கறான். பேட் காசு உன் சம்பளத்துலதான் பிடிப்பேன்" என்றார்.

அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கிப் போய் விட்டது. அந்த நிமிஷம்தான் எனக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. என் மூக்கிலும் அந்த எண்ணெய் வாசம். உள்ளங்கை வேர்த்து விட்டது. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. சொன்னால் என் புருஷன் முன்னால், கடைக்காரர் முன்னால், அதற்கப்புறம் என் பிள்ளை முன்னால் தலைகுனிவு. ஒரு நிமிஷம் சும்மாதான் நின்றேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அந்தப் பையனும் யாரோ ஒரு அம்மா பெற்ற பிள்ளைதானே? அவன் சம்பளத்தில் கை வைத்து விட்டு வீட்டுக்குப் போய் நான் எப்படிச் சோறு தின்பது?

"தம்பி மேல தப்பில்லீங்க. நான்தான் எண்ணெய் விட்டேன்" என்றேன்.

கடையே அமைதியாகி விட்டது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. முதலாளி ஒன்றும் பேசாமல் உள்ளே போய் விட்டார். அந்தப் பையன்தான், "விடுங்கக்கா. சத்தம் வருதுன்னு எண்ணெய் விட்டுட்டு வர்றவங்க நிறையப் பேருங்க. யாரும் வேணும்னு செய்யறதில்லை" என்றான். அவன் எனக்குச் சமாதானம் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அதன் பிறகு, "தம்பி, இந்தச் சைக்கிள் இனியும் எங்க வீட்டுக்குள்ளதான் நிக்கப் போகுது. என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடு" என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து விட்டேன். அவன் சொன்னதையும், பின்னால் நானே பட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் கீழே எழுதுகிறேன்.

டிஸ்க் பிரேக் என்பது என்ன?

பழைய சைக்கிளில் ரப்பர் கட்டை சக்கரத்தின் விளிம்பைப் பிடித்து நிறுத்தும். டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தின் நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு வட்டத் தகடு இருக்கும். அதுதான் டிஸ்க். பிரேக் பிடித்தால் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன 'பேட்'கள் வந்து அந்தத் தகட்டை இறுக்கும். அந்த உராய்வில்தான் வண்டி நிற்கிறது. சமையலறைத் தரையில் எண்ணெய் சிந்தினால் கால் நிற்குமா? அதே கதைதான். தையல் மெஷினில் உராய்வு கூடாது என்று எண்ணெய் விடுகிறோம். பிரேக்கில் உராய்வுதான் உயிரே!

தகட்டில் பட்ட எண்ணெயைத் துடைத்து விடலாம். பேடில் பட்டால் அது உள்ளே ஊறிக்கொள்ளும். பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். எங்களுக்கு இரண்டு ஜோடி பேடும் கூலியுமாக ஆயிரத்துச் சொச்சம் ஆனது. புதுப் பேட் போட்டாலும் உடனே இறக்கத்தில் போகக்கூடாது. சமமான, வண்டி வராத இடத்தில் ஓட்டி, இருபது தடவையாவது வேகத்தைக் குறைக்கிற அளவுக்கு மெதுவாகப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். அதற்கப்புறம்தான் பேடும் தகடும் ஒன்றோடொன்று பழகிப் பிடிப்பு முழுசாக வரும்.

இதில் கேலிக்கூத்து என்ன தெரியுமா? ஈரம் பட்டால் டிஸ்க் கொஞ்ச நேரம் கத்துவது சகஜமாம். துடைத்துக் காய விட்டு, நாலு தடவை பிரேக் பிடித்து ஓட்டினால் தானே நின்று விடுமாம். நான் சும்மா இருந்திருந்தாலே போதும்! காய்ந்த பிறகும் விடாமல் கத்தினால்தான் கடையில் காட்ட வேண்டும்.

வீட்டுக்குள் எங்கே நிறுத்தலாம்?

* சமையலறைப் பக்கம் வேண்டாம். தாளிக்கிற, பொரிக்கிற எண்ணெய்ப் புகை எங்கெல்லாம் போய்ப் படிகிறது என்பது சிம்னியைத் துடைக்கிற நமக்குத் தெரியாதா? பூஜை அறை விளக்கெண்ணெய்க்குப் பக்கத்திலும் வேண்டாம்.

* தலைக்கு எண்ணெய் தேய்க்கிற இடம், கொசு மருந்து அடிக்கிற மூலை, மேஜை நாற்காலிக்குப் பாலிஷ் அடிக்கிற இடம், இவற்றிலிருந்தும் தள்ளி நிற்கட்டும். கீல் சத்தத்துக்கு அடிக்கிற ஸ்பிரே காற்றிலேயே பறந்து போய்த் தகட்டில் உட்காரும்.

* டிஸ்க் இருப்பது சைக்கிளின் இடது பக்கம். செயின் வலது பக்கம். இடது பக்கத்தைச் சுவர் பார்க்க நிறுத்துங்கள். ஆனால் தகடு சுவரில் இடிக்காமல் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். குழந்தைகள் கையும் துடைப்பமும் தகட்டுக்கு எட்டாது. செயின் கறை சேலையில் படாமல் இருக்க அந்தப் பக்கம் ஒரு பழைய துணியைத் தொங்க விட்டால் போதும்.

* தகடு மெல்லியது. கனம் இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன் மேல் சிலிண்டரை, அரிசி மூட்டையை, இன்னொரு சைக்கிளைச் சாய்த்தால் வளைந்து விடும். வளைந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் பேடில் உரசும்.

* போர்த்தி வைக்க பாலிதீன் ஷீட் வேண்டாம். உள்ளே வேர்த்துத் துருப் பிடிக்கும். நம் பழைய பருத்திச் சேலை அல்லது வேட்டிதான் சரி. தூசியும் வராது, காற்றும் போகும்.

* வீடு துடைக்கும்போது பினாயில் தண்ணீர் தெறிக்கும். சைக்கிளை நகர்த்தி விட்டுத் துடையுங்கள். இப்போது நான் வெள்ளிக்கிழமை முதல் வேலையாகச் செய்வது அதைத்தான்.

எண்ணெய் எங்கே, துணி எங்கே?

செயினுக்கு எண்ணெய் கட்டாயம் வேண்டும். தகட்டுக்குக் கூடவே கூடாது. செயினுக்கு எண்ணெய் விடும்போது பின்பக்கத்துத் தகட்டை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டி விடுங்கள். ஜவுளிக் கடைப் பை போதும். ஸ்பிரே அடிக்காமல் சொட்டுச் சொட்டாக விடுவது நல்லது.

செயின் துடைக்கிற துணி வேறு, தகடு துடைக்கிற துணி வேறு. நான் தகட்டுத் துணியின் ஓரத்தில் சிவப்பு நூல் தைத்து வைத்திருக்கிறேன். யார் எடுத்தாலும் தெரியும். தகட்டைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்று மருந்துக் கடையில் கிடைக்கும். துணியில் கொஞ்சம் நனைத்துத் துடைத்தால் போதும். சட்டென்று காய்ந்து விடும். சீக்கிரம் தீப்பிடிக்கிற சரக்கு. அடுப்பு, விளக்கு பக்கம் வைக்காதீர்கள். குழந்தைகள் கைக்கும் எட்டக்கூடாது.

விரலால்கூடத் தகட்டைத் தொடாமல் இருப்பது நல்லது. நம் கையில் எப்போதும் ஏதாவது எண்ணெய்ப் பசை இருக்கிறது, இல்லையா?

தலைகீழாக வைத்தது இரண்டாவது பாடம்

மாவுக்கட்டு பிரித்து, மார்கழியும் முடிந்து, பொங்கலுக்கு நாத்தனார் குடும்பம் வந்தது. படுக்க இடம் வேண்டுமே என்று நானும் சின்னவளுமாகச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து பால்கனி மூலையில் வைத்து விட்டோம். ஒரு வாரம் அப்படியே கிடந்தது. எல்லோரும் ஊருக்குப் போன பிறகு நிமிர்த்தி பிரேக்கைப் பிடித்தால், லீவர் பஞ்சு மாதிரி ஹேண்டில்பார் வரைக்கும் போகிறது! எனக்கு உயிரே போய் விட்டது. "கண்ணு, சைக்கிளைத் தொடாத!" என்று கத்தி விட்டேன்.

விஷயம் இதுதான். இவன் சைக்கிளில் இருப்பது ஹைட்ராலிக் டிஸ்க். ஊசி போடுகிற சிரிஞ்சுகள் இரண்டை ஒரு குழாயால் இணைத்து உள்ளே திரவம் நிரப்பியதாக நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் தள்ளும். லீவருக்குப் பக்கத்தில் அந்தத் திரவத்துக்கு ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது. அதில் கொஞ்சம் காற்று இருந்தால், நேராக நிற்கும்வரை அது மேலேயே இருக்கும். கவிழ்த்து வைத்தால் காற்று குழாய்க்குள் போய் விடும். திரவத்தை அமுக்க முடியாது. காற்றை அமுக்கலாம். அதனால் லீவர் அமுங்குகிறதே தவிர பேட் நகர்வதில்லை.

போனில் கேட்டதற்கு அந்தத் தம்பி, "பயப்படாதீங்கக்கா. நேரா நிறுத்தி, லீவரை மெதுவா இருபது முப்பது தடவை பிடிச்சுப் பிடிச்சு விடுங்க. ராத்திரி லீவரைப் பிடிச்ச மாதிரியே ரப்பர் பேண்ட் போட்டு வைங்க. காலையில எடுத்துப் பாருங்க. கெட்டியா இருந்தாச் சரி. அப்பவும் பஞ்சு மாதிரி இருந்தா ஓட்டாம எடுத்துட்டு வந்துடுங்க, ஏர் எடுக்கணும்" என்றான். காலையில் முன்பக்கம் கெட்டியாகி விட்டது. பின்பக்கம் சரியாகவில்லை. கடையில்தான் சரி செய்தோம்.

"நம்ம ஸ்கூட்டர் பிரேக் ஆயில் மிச்சம் இருக்கே, அதையே ஊத்திடலாமே" என்றார் என் வீட்டுக்காரர். அதுவும் ஆபத்தாம்! பிரேக் திரவத்தில் இரண்டு ஜாதி. ஒன்று மினரல் ஆயில். இன்னொன்று கார், ஸ்கூட்டரில் போடுகிற 'டாட்' திரவம். ஒன்றுக்கு வேண்டியதை இன்னொன்றில் ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்கள் கெட்டு பிரேக்கே போய் விடும். எந்தச் சைக்கிளுக்கு எது என்று லீவர் தொட்டி மூடியில் போட்டிருக்கும். டாட் திரவம் பெயின்ட்டையும் அரிக்கும், தோலுக்கும் ஆகாது. இந்த வேலையைக் கடைக்காரருக்கே விடுவதுதான் நல்லது.

சுவரில் மாட்டலாமா என்று கேட்டேன். நல்ல நிலையில் இருக்கிற பிரேக்குக்கு மாட்டுவதால் கெடுதல் இல்லை. இரண்டு சக்கரமும் ஒரே மட்டத்தில் படுக்கை வாட்டமாக மாட்டுவது ரொம்ப நல்லது. செங்குத்தாக மாட்டினால், இறக்கியதும் கொஞ்ச நேரம் நேராக நிறுத்தி லீவரைப் பிடித்துப் பார்க்க வேண்டும். கொக்கி டயரிலோ பிரேமிலோதான் மாட்ட வேண்டும். தகட்டிலும் பிரேக் குழாயிலும் படவே கூடாது. சைக்கிள் பதினைந்து கிலோவுக்குப் பக்கம் இருக்கும். ஆணி அடித்து மாட்டுகிற சமாச்சாரம் இல்லை. நல்ல செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் கனமான போல்ட் போட வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றினால்...

இடம் போதவில்லை என்று முன் சக்கரத்தைக் கழற்றி வைக்கிறவர்கள் உண்டு. அப்படிக் கழற்றினால் லீவரை யாரும் அழுத்தக்கூடாது. நடுவில் தகடு இல்லாததால் இரண்டு பேடும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். பிறகு சக்கரத்தை மாட்டவே முடியாது. கடையில் இதற்கென்று ஒரு பிளாஸ்டிக் துண்டு தருவார்கள். அது இல்லாவிட்டால் சுத்தமான அட்டையை மடித்து இரண்டு பேடுக்கும் நடுவில் செருகி வையுங்கள். கழற்றிய சக்கரத்தைத் தகடு மேலே பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். தகட்டின் மேல் படுக்க வைத்தால் வளைந்து விடும்.

சின்னவள் சைக்கிள்

சின்னவளுடையது ரப்பர் கட்டை பிரேக். அதற்கும் இதே விதிதான். கட்டை பிடிக்கிற ரிம் ஓரத்தில் எண்ணெயோ டயர் பாலிஷோ படக்கூடாது. வெயிலில் கிடந்தால் ரப்பர் கல் மாதிரி இறுகிப் பிடிப்பு போய் விடும். பிரேக் ஒயர் மழை ஈரத்தில் துருப் பிடித்து, பிடித்தது விடாமல் நிற்கும். நூல் நூலாகப் பிரிந்த ஒயரை உடனே மாற்றி விடுங்கள். கட்டையில் இருக்கிற பள்ளக் கோடுகள் தேய்ந்து மறைந்து விட்டால் கட்டையும் மாற்ற வேண்டியதுதான்.

குழந்தைகள் விரல் ஜாக்கிரதை

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் இதை மறக்கவே மறக்காதீர்கள். சைக்கிளைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றி விளையாடுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆசை. சுற்றுகிற தகட்டின் ஓட்டையில் விரல் போனால் கத்தி மாதிரி வெட்டி விடும். நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்து வந்த உடனே தகடு தோசைக்கல் மாதிரி கொதிக்கும். சைக்கிள் வீட்டுக்குள் வந்ததும் கொஞ்ச நேரம் யாரையும் கிட்டே விடாதீர்கள்.

கிளம்பும் முன் ஒரு நிமிஷம்

இப்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம். சைக்கிளில் யார் என்ன செய்தாலும் ஓட்டுகிறவனிடம் சொல்லி விட வேண்டும். நான் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், "ஐயோ அம்மா, அங்கே எண்ணெய் விடக்கூடாது" என்று அவனே சொல்லியிருப்பான். சத்தம் நின்றதைப் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று வாயை மூடிக்கொண்டதுதான் எண்ணெயை விடப் பெரிய தப்பு.

இரண்டாவது சட்டம், வாசலைத் தாண்டும் முன் ஒரு நிமிஷச் சோதனை. இரண்டு லீவரையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஹேண்டில்பாரைத் தொடுவதற்கு முன்பே கெட்டியாக நிற்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளினால் சக்கரம் உருளக்கூடாது. பின் பிரேக்குக்கும் அப்படியே. குழாய் ஓரத்திலோ லீவர் பக்கத்திலோ எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று ஒரு பார்வை. அவ்வளவுதான். நாம் காஸ் வால்வைத் திருகி விட்டுத் தூங்கப் போகிற மாதிரி இதுவும் பழகி விடும்.

மகனிடம் எப்போது சொன்னேன் என்று கேட்பீர்கள். கடையிலிருந்து வந்த அன்று ராத்திரியே சொல்லி விட்டேன். கட்டுப் போட்ட கையோடு என்னையே பார்த்தான். "எனக்குன்னு நெனச்சுத்தானம்மா செஞ்ச. ஆனா இனி சொல்லிட்டுச் செய்" என்றான். அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்ன சொல்வாரோ என்று பயந்தேன். "ஏம்மா, நானும் ஒரு தடவை உன்ற புருசனுக்கு இருமல் மருந்துன்னு வேற ஏதோ புட்டியை எடுத்துக் குடுத்தவதான். விடு" என்றார். முப்பது நாற்பது வருஷமாக அவர் யாரிடமும் சொல்லாத விஷயம்!

அந்தக் கடைத் தம்பிக்குத் தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் கொடுத்தனுப்பினேன். "அக்கா, எண்ணெய்க் கையோட டிஸ்க்கைத் தொட மாட்டேன், கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பினானாம். கேட்டு வீடே சிரித்தது.

போன மாதம் பெரியவன் ஆனைகட்டிக்குப் போய் வந்தான். கிளம்பும்போது அவனுக்கு முன்னால் நான் இரண்டு லீவரையும் பிடித்துப் பார்த்தேன். பிறகு அவனும் பிடித்துப் பார்த்தான். சாயந்தரம் அவன் திரும்பி வரும்வரை நான் வாசலுக்கும் பால்கனிக்கும் நடந்ததை மட்டும் அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

தோழிகளே, உங்கள் வீட்டு ஹாலிலும் இப்படி ஒரு விருந்தாளி நின்றுகொண்டிருக்கலாம். இன்றைக்கே உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு, "இதுல எங்க எண்ணெய் விடணும், எங்க விடக்கூடாது, காட்டு கண்ணு" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்காமல் போனதற்கு நான் பட்டது போதும்.

- ஒரு வாசகி, கோயம்புத்தூர்.